பெயர் போடலாமா?

பிரெட்ரிக் கோட்டை வாசலால உள்ளே போய், மான்களையும் கச்சான் கடைகளையும் தாண்டிக் கோணேசர் மலைக்கு ஏறினால், பாறை விளிம்புக்குக் கிட்ட ஒரு பழைய கல்தூண் நிற்கும். அதுக்கு ஒரு கதை இருக்கு. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், தன்னை விட்டுவிட்டுக் கப்பலேறின காதலனைப் பார்த்தபடி அந்த விளிம்பிலிருந்து கடலுக்குள் பாய்ந்தாளாம். தூணோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஆண்டு 1687. ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்கள், அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்தாள், கலியாணமும் செய்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனா அதைப் பற்றி ஊருக்குக் கவலை இல்லை. ஓட்டோ அண்ணாமார் இன்றைக்கும் வெளியூர்க்காரருக்கு அவள் பாய்ந்த கதையைத்தான் சொல்லுகிறார்கள். இங்கிலிசில அந்த இடத்துக்குப் பெயரே 'லவ்வர்ஸ் லீப்'.

நடந்ததோ இல்லையோ தெரியாத ஒரு காதலுக்காக ஊர் முந்நூறு வருசத்துக்கு மேல ஒரு தூணை வைத்திருக்கு. அதே ஊரில், கையளவு அட்டை ஒன்றில் ஒரு பெயரை எழுதுவதா விடுவதா என்று நாங்கள் ஓர் இரவு முழுக்க இருந்து யோசித்தோம்.

விசயம் இதுதான். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி வைத்தோம். துறைமுகம்தான் கருப்பொருள். உட்துறைமுக வீதியில கட்டிக் கிடக்கிற வள்ளங்கள், சீனக்குடாப் பக்கம் போற லொறிகள், விடியப்புறம் மீன் ஏலம், மூதூர்ப் பாதையில் பஸ்சுக்குக் காத்திருக்கிற சனம். அதுக்குள்ள ஒரு படம் டச்சு பே கடற்கரையில் எடுத்தது. சுவரில் இருக்கிற இரண்டு பொடியன்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவனின் சுண்டுவிரல் மற்றவனின் சுண்டுவிரலைப் பிடித்திருக்கும். அவ்வளவுதான். முகம் இல்லை. மற்ற எல்லாப் படத்தையும் விட அது நல்ல படம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, படங்களுக்குக் கீழே வைக்கிற அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தை எடுத்த நண்பன் சொன்னான்: "இதுக்கு என்ர பெயர் போடாதீங்க. அம்மா நாளைக்கு வாறா."

பெயர் போடலாமா, வேண்டாமா? போடாமல் விட்டால் அது அவனைக் காப்பாற்றுவதா, மறைப்பதா? எங்களில் இன்னும் சிலருக்கும் இதே கேள்வி வேற வடிவில இருக்கு. எங்களுக்கு முதல் இந்தத் தீவில் கலை செய்த எங்களைப் போன்றவர்கள் தங்கட பெயரை என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடல் எங்கட மலைக்குக் கீழே, கடலுக்குள்ளதான் தொடங்கியது.

கடலடியில் ஒருவர்

கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, இன்னொரு பகுதி கடலுக்குள் விழுந்தது. இதை ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1956ல் பிரித்தானிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது கூட்டாளி மைக் வில்சனும் மலையடிவாரத்தில் சுழியோடினார்கள். தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதை வில்சன் கண்டார், படம் பிடித்தார். அடுத்த வருசமே கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1962ல் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ', சிங்களத்தின் முதல் வண்ணப் படம், எங்கட கடலடிக் காட்சிகளை நாடு முழுக்கக் காட்டியது. 1963ல் கோயில் திரும்ப எழுந்தது. ஆகவே கோணேசர் கோயிலின் நவீன வரலாறு எழுதுகிற எவரும் கிளார்க்குக்கு ஒரு பந்தியாவது ஒதுக்குவார்கள்.

அந்தப் பந்தியில் வராதது ஒன்று இருக்கு. கிளார்க் 1953ல் ஓர் அமெரிக்கப் பெண்ணைத் திருமணம் செய்தார். சில மாதங்களிலேயே இருவரும் பிரிந்தார்கள். 1956ல் இலங்கைக்குக் குடிவந்தார், 2008ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். 1986ல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகைப் பேட்டியில், தனக்கு இருபால் அனுபவங்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். 1979ல் வந்த அவரது நாவல் ஒன்று, வீதி விபத்தில் 1977ல் இறந்துபோன லெஸ்லி ஏக்கநாயக்க என்ற இளைஞருக்குச் சமர்ப்பணம். வாழ்நாளில் தனக்குக் கிடைத்த குறையே இல்லாத ஒரே நண்பன் என்ற பொருளில் அந்தச் சமர்ப்பணம் இருக்கும். கிளார்க் இறந்தபோது, கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் லெஸ்லிக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். உலகம் முழுக்க வீடு கிடைத்திருக்கக்கூடிய ஒருவர், கடைசியில் கேட்டது அந்த இடத்தை.

அது என்ன உறவு என்று முத்திரை குத்துவது எங்கட வேலை இல்லை. அடுத்தவரின் ஆசையை அவர் சார்பில் அறிவிக்கிற உரிமை எவருக்கும் இல்லை, செத்தவர் என்றாலும்கூட. நாங்கள் கவனித்தது வேறு. கிளார்க் தன்னுடைய தனிப்பட்ட நாட்குறிப்புகளைத் தான் இறந்து 30 வருசம் வரை திறக்கக்கூடாது என்று பூட்டி வைத்தார். கணக்குப் பார்த்தால் 2038. விண்வெளியில் செய்மதிகள் எங்கே நிற்க வேண்டும் என்று 1945லேயே எழுதிய மனுசன் அவர். தன் சொந்த நாட்களைப் பற்றிப் படிக்க நாங்கள் இன்னும் காத்திருக்க வேண்டுமாம். வேலையில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கு. வாழ்க்கையில் பூட்டு தொங்குது.

அந்தப் பூட்டுக்கும் ஒரு விலை இருக்கு. வெளிநாட்டவர், புகழ்பெற்றவர், கொழும்பில் மதிலுள்ள வீடு வைத்திருந்தவர், அவரால் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது. உவர்மலையில் வாடகை வீட்டில், மூன்று சகோதரங்களோடு ஒரே அறையில் படுக்கிறவனுக்கு நாட்குறிப்பைப் பூட்டி வைக்க லாச்சிகூட இல்லை.

சட்டம் எழுதின பெயர்

பூட்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு பாதிக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கு. பிரித்தானியர் 1883ல் இலங்கைக்குக் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றம் என்கிறது. 365ஏ பிரிவு 'மோசமான அநாகரிகச் செயல்' பற்றிப் பேசும். என்ன செயல் என்று அது எங்கேயும் விளக்காது, அதனால் பொலிஸ்காரர் விரும்பின பொருளை அதுக்குள் போடலாம். கொண்டுவந்த இங்கிலாந்து 1967ல் தன் நாட்டுச் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கியது. இலங்கை 1995ல் சட்டத்தைத் திருத்தியது, ஆனா எதிர்த் திசையில். 365ஏயில் 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'எந்த ஆளும்' என்று மாற்றியதால், அதுவரை சட்டத்தின் கண்ணில் படாமல் இருந்த பெண்களும் உள்ளே வந்தார்கள். சமத்துவம் எங்களுக்கு முதல் முதலாக இந்த வடிவில்தான் கிடைத்தது.

திருநங்கைகள் விசயத்தில் 365 தேவைப்படவும் இல்லை. ஆள்மாறாட்டத்துக்கான 399ஆம் பிரிவும், 1841ல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் போதுமாயிருந்தன. ரோட்டில் நிற்பதே குற்றம், நிற்கிறவர் ஆர் என்பதைப் பொறுத்து.

அசைவும் நடந்திருக்கு. 2022 மார்ச்சில், இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசன்னா பிளேமர்-கல்தேரா கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாடு பற்றிய ஐ.நா. குழு, பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று சொன்னது. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளை மாற்றுகிற தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது இல்லை என்று எங்கட உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6ஆம் திகதியே வெட்டிக் குறைத்துவிட்டது. ஒரே காலனித்துவத் தாய்க்குப் பிறந்த இரண்டு சட்டங்கள். எங்கட சட்டம் நாங்கள் இதை எழுதும்வரை புத்தகத்தில் அப்படியே இருக்கு.

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல். எங்களைப் போன்றவர்களைப் பற்றி அரசாங்கங்கள் கவனமாக எழுதி வைத்த தாள்கள் பெரும்பாலும் குற்றத் தாள்கள். கடற்படைகள் வந்துபோன துறைமுகம் இது. எத்தனை ஆண்கள் எத்தனை இரவுகள் இந்தக் கரையில் ஒருவரை ஒருவர் நேசித்திருப்பார்கள்? பிடிபட்டவனின் பெயர் மட்டும் எங்கேயாவது ஒரு பதிவேட்டில் இருக்கும். பிடிபடாமல் சந்தோசமாக இருந்தவனுக்குப் பதிவு இல்லை.

படத்தில் நின்றவர்கள்

கலையில் பதிவு கிடைத்த ஒருவர் லயனல் வென்ட். 1900ல் கொழும்பில் பிறந்தார். தகப்பன் பறங்கியர், உச்ச நீதிமன்ற நீதிபதி, தாய் சிங்களவர். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் படித்தார். திரும்பி வந்து சட்டத்தை விட்டார், பியானோ வாசித்தார், 1930களில் கமராவைத் தூக்கினார். 1934ல் எடுக்கப்பட்ட 'சோங் ஒவ் சிலோன்' ஆவணப்படத்தில் கேட்கிற குரல் அவருடையது. 1943ல் ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலானவர்கள் சேர்ந்து '43 குழுவைத் தொடங்கியது அவர் வீட்டில். இலங்கை நவீன ஓவியத்தின் தலைவாசல் அது. 1944ல் வென்ட் இறந்தார், 44 வயது. அவர் வீடு இருந்த காணியில் 1953ல் திறந்த லயனல் வென்ட் அரங்கில்தான் இன்றைக்கும் கொழும்பு நாடகம் பார்க்கிறது.

வென்ட் ஆண்களை நேசித்தவர் என்பது நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது, பிறகு வந்த ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர் படங்களைப் பார்த்தால் சொல்லவும் தேவையில்லை. வெயிலில் எண்ணெய் பூசினதுபோல மினுங்குகிற முதுகுகள், வலை இழுக்கிற தோள்கள், நிழலுக்குள் திரும்பிப் படுத்திருக்கிற இடுப்புகள். ஆணுடம்பை இவ்வளவு ஆசையோடு பார்த்த கமரா எங்கட தீவில் அதுக்கு முதல் இருந்ததாக நாங்கள் காணவில்லை. முதன்முதல் அந்தப் படங்களைப் போனில் பார்த்தபோது எங்களில் ஒருவர் சொன்னது: "நான் பார்க்கிற மாதிரியே ஒராள் பார்த்திருக்கிறார், எண்பது வருசத்துக்கு முதல்."

அந்த ஆறுதலோடு நிற்கலாம். ஆனா துறைமுகப் பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி வரும். அந்த முதுகு ஆரின் முதுகு? தோள் ஆரின் தோள்? அவர்கள் மீன்பிடிக்கிறவர்கள், கூலிக்காரர், கிராமத்துப் பொடியன்கள். எடுத்தவரின் பெயர் அரங்கத்துக்கே இருக்கு, நின்றவர்களின் பெயர் படத்துக்குக் கீழே இல்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள், விரும்பி நின்றார்களா, காசு வாங்கினார்களா, அந்தப் படங்களை ஒரு தரமாவது பார்த்தார்களா என்பதை எந்த அட்டையும் சொல்லாது. வென்ட் இறந்தபிறகு அவருடைய நெகட்டிவ்களும் அழிக்கப்பட்டன. மிஞ்சியவை அச்சுப் பிரதிகள்தான்.

இதோடு தொட்ட இன்னொரு பெயரில்லாதவரைச் சொல்லாமல் விட முடியாது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா இளவயதில் கொழும்பில் தூதரக அதிகாரியாக இருந்தார், வென்ட்டோடு பழகினார். இறந்தபின் 1974ல் வந்த நினைவுக் குறிப்புகளில் வென்ட்டைக் கொழும்பின் கலைவாழ்வுக்கு நடுவில் வைத்துப் புகழ்கிறார். அதே புத்தகத்தில், தன் வீட்டுக் கக்கூஸ் வாளியை எடுக்க வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தான் பலவந்தம் செய்ததையும் அவரே எழுதியிருக்கிறார். கவிஞருக்குப் பெயர் இருக்கு, கலைஞருக்குப் பெயர் இருக்கு. அவளுக்கு இல்லை. கலை வரலாற்றில் பெயர் என்பது திறமைக்கு மட்டும் கிடைக்கிற பரிசு என்று இனியும் ஆராவது சொன்னால், இந்த ஒரு புத்தகத்தைக் காட்டலாம்.

ஆகவே 'குயர் கலைஞர்' என்று சொல்லி வென்ட்டைத் தோளில் தூக்குகிற நேரம், அவர் கமராவுக்கு முன்னால நின்றவர்களோடுதான் எங்கட சொந்தம் கூடுதலாக இருக்கு என்பதையும் மறக்கக்கூடாது. எங்களில் பலரின் அப்பப்பாக்கள் வலை இழுத்தவர்கள்.

தமிழில் கையெழுத்து

சரி, தமிழில் ஆர் எழுதினார்கள்?

1961ல் எஸ். பொன்னுத்துரை 'தீ' என்ற நாவலை வெளியிட்டார். ஓர் ஆணின் பாலனுபவங்களை மறைக்காமல் சொன்ன கதை. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவும் அதில் வரும். ஈழத்து இலக்கிய உலகம் கொதித்தது. ஒழுக்கம் கெட்டுப்போச்சு என்றார்கள். எஸ்.பொ. தன் பெயரைப் போட்டே எழுதினார், வசவையும் தன் பெயரிலேயே வாங்கினார். ஆனா அந்த நாவலில் அது நாயகன் கடந்துபோகிற ஒரு கட்டம். அங்கேயே வாழ்கிற ஒருவரின் கதையை நாங்கள் அதில் தேட முடியாது.

அந்தக் கதைக்கு இன்னும் 33 வருசம் ஆனது. 1994ல் சியாம் செல்வதுரையின் 'பனி போய்' வந்தது. கொழும்பில் தமிழ்த் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர் அவர், 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். நாவலின் நாயகன் ஆர்ஜி, அப்பம்மா வீட்டில் மச்சாள்மாரோடு கலியாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை கட்டுகிற பொடியன். ஆண்பிள்ளை கிரிக்கெட் விளையாட வேணும் என்று அவனை வெளியில் தள்ளுவார்கள். புத்தகம் முடியும்போது இனக்கலவரம் அந்தக் குடும்பத்தையே நாட்டை விட்டு வெளியில் தள்ளும். தமிழனாக இருப்பதும் ஆணை நேசிப்பவனாக இருப்பதும் ஒரே உடம்பில் நடக்கிற விசயம் என்று எங்களுக்கு முதலில் சொன்ன புத்தகம் அது. அது வந்து ஒரு வருசத்தில்தான், முன்னர் சொன்ன 1995 சட்டத் திருத்தமும் வந்தது.

செல்வதுரை பெயரை மறைக்கவில்லை. ஆனா அந்தப் பெயரைப் போட அவருக்கு ரொறன்ரோ வேண்டியிருந்தது, இங்கிலிசும் வேண்டியிருந்தது. 2020ல் தீபா மேத்தா அதைப் படமாக்கினபோது, தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழ் நடிகர்கள் போதவில்லை, பேசுகிற தமிழும் சரியில்லை என்று தமிழர்கள் கோபப்பட்டார்கள், குயர் தமிழர்களும்தான். அந்தக் கோபம் எங்களுக்கு விளங்கும். எங்கட கதையை உலகம் பார்க்கத் தயாரான நாளில், எங்கட நாக்கை விட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனது.

தமிழிலேயே கையெழுத்துப் போட்டவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அ. ரேவதி 2005ல் 'உணர்வும் உருவமும்' என்ற தொகுப்பில் திருநங்கைகளின் வாழ்க்கைகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு தன் வாழ்க்கையையும் எழுதினார், மேடையிலும் ஏறினார். லிவிங் ஸ்மைல் வித்யா 2007ல் தன் சுயசரிதையை வெளியிட்டார், 2014ல் நண்பர்களோடு சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். இவர்கள் எவருக்கும் மதில் வைத்த வீடு இருக்கவில்லை. பெயர் போட்டதற்காக அடியும் பசியும் பார்த்தவர்கள். அவர்கள் எழுதின தமிழால்தான் எங்களில் சிலர் முதன்முதலாகத் தங்கட வீட்டில் வாய் திறந்தார்கள். 'குயர்' என்ற சொல் அம்மாவுக்கு விளங்காது. 'இப்படி ஒரு புத்தகம் இருக்கு, வாசியுங்கோ' என்பது விளங்கும்.

ஊர் ஏற்றுக்கொண்ட பெயர் மாற்றம்

பெயர் பற்றிக் கதைக்கும்போது எங்கட ஊர்க்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். தருமு சிவராம் 1939ல் திருகோணமலையில் பிறந்தார். இருபது வயசளவில் சென்னையில் இருந்து வந்த 'எழுத்து' சஞ்சிகையில் எழுதத் தொடங்கினார், பிறகு இந்தியாவுக்கே போய்விட்டார், 1997ல் அங்கேயே இறந்தார். கவிஞர், விமர்சகர், ஓவியமும் கீறுவார். தமிழ் உலகுக்கு அவர் பிரமிள். அவர் தன் பெயரை ஒரு தரம் அல்ல, பல தரம் மாற்றினார். அரூப் சிவராம், பானுசந்திரன், பிரேமிள், எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எண் சாத்திரம் பார்த்தும் போட்ட இன்னும் பல. அவருடைய பாலியல் பற்றி இங்கே ஒன்றும் சொல்ல வரவில்லை. பெயரைப் பற்றி மட்டும்தான் சொல்லுகிறோம். ஒரு கலைஞன் தன் பெயரை இத்தனை தரம் மாற்றினதைத் தமிழ் உலகம் மேதையின் விசித்திரம் என்று எடுத்துக்கொண்டது. எங்களுக்கும் பெருமைதான்.

இப்ப இதே ஊரில், அலங்காரக் கலைஞராக வேலை செய்கிற எங்கட தோழி ஒருவரை எடுங்கள். பிறந்தபோது வைத்த பெயரை விட்டுத் தானே தெரிவு செய்த ஒரு பெயரில் வாழ்கிறார். 2016ல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்தபிறகு, மனநல வைத்தியரைக் கண்டு, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்ற ஒரு வழி இருக்கு. தாளில் இருக்கிற வழி. நடந்து பார்க்கும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிரிப்பைக் கடக்க வேணும். ஓர் அலுவலகத்தில், "ஏன் பிள்ளை, இருந்த பெயருக்கு என்ன குறை?" என்று கேட்டார்களாம். பிரமிளிடம் ஆரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் கலியாணப் பெண்களுக்குப் போடுகிற மேக்கப்பைப் பார்க்க வேணும். வியர்த்துக் கொட்டுகிற ஆனி மாதத்தில், பத்திரகாளி அம்மன் கோயில் மண்டபப் பக்கம் இருந்து இரவுச் சாப்பாடு வரை நகராமல் நிற்கும். மணமகளின் அல்பத்தில் போட்டோ ஸ்டூடியோவின் பெயர் இருக்கும், சேலைக் கடையின் பெயர் இருக்கும். இவருடைய பெயர் இருக்காது. "நல்லாச் செய்வா, ஆனா பேஸ்புக்கில் டக் பண்ண வேண்டாம், ஆட்கள் கதைப்பினம்." வேலை வேணும், பெயர் வேண்டாம். எங்களில் வீடியோ எடிட் செய்கிறவருக்கும், கோயில் திருவிழாவுக்கு பிளெக்ஸ் டிசைன் செய்கிறவருக்கும், கலியாண கார்ட் வரைகிறவருக்கும் இதே கதைதான், அளவு மட்டும் வித்தியாசம். கிளையன்டுக்கு எங்களைப் பற்றி ஏதோ காதில் விழுந்தால், அடுத்த மாசம் ஓடர் வேறு இடத்துக்குப் போகும். காரணம் சொல்ல மாட்டார்கள். பேசின காசில் மிச்சத்தைக் கேட்கப் போனால், "தம்பி, பிறகு பாப்பம்."

தேடிக் கண்ட வரலாறும் எங்கட மாசக் கணக்கும் இந்த இடத்தில் ஒட்டுகிறது. பெயர் போடுவது என்றால் வீரம், போடாமல் விடுவது என்றால் பயம் என்று நாங்கள் முதலில் நினைத்திருந்தோம். இப்ப அப்படி நினைக்கவில்லை. கிளார்க் பெயரைப் போட்டார், வாழ்க்கையைப் பூட்டினார். வென்ட் தன் பெயரைப் போட்டார், மற்றவர் பெயரைப் போடவில்லை. செல்வதுரை தூரம் போய்ப் போட்டார். ரேவதியும் வித்யாவும் போட்டுவிட்டு அடி வாங்கினார்கள். ஒவ்வொருவரும் தங்களிடம் இருந்த காசு, மொழி, கடவுச்சீட்டு, துணை, இவற்றைக் கணக்குப் பார்த்துத்தான் போட்டார்கள். அந்தக் கணக்கு எதுவும் இல்லாதவனிடம் போய் "வெளியில வா" என்று கத்துவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அதுக்காக, வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை அழிக்கிற ஊர்ப் பழக்கத்தை நாங்களும் எங்கட கண்காட்சியில் செய்யலாமா?

அந்த இரவு கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். அட்டையில் பெயருக்கான வரி இருக்கும். வெறுமையாக இருக்கும். வெட்டி எடுத்துவிட மாட்டோம். பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு பெயர் இருக்கு, இப்ப சொல்லவில்லை என்பது தெரிய வேணும்.

கண்காட்சிக்குப் பிறகு ஒரு கொப்பி வாங்கினோம், சாதாரண சீ.ஆர். கொப்பி. எங்கட கூட்டத்தில் ஆர் என்ன செய்தாலும், படமோ, பிளெக்ஸோ, மேக்கப்போ, கவிதையோ, அதில் எழுதுகிறோம். திகதி, என்ன வேலை, ஆர் செய்தது, ஆர் படத்தில் நின்றது, எவ்வளவு காசு பேசினது, எவ்வளவு தந்தது. கடைசி நிரலில் ஒரு கேள்வி: வெளியில் பெயர் சொல்லலாமா? ஓம், இல்லை, பிறகு. 'பிறகு' என்று எழுதினவரிடம் ஒவ்வொரு வருசமும் திரும்பக் கேட்போம். படத்தில் நிற்கிறவரிடமும் கேட்போம், எடுக்கிறவரிடம் மட்டும் அல்ல. டச்சு பே படத்தில் முதுகு காட்டி இருந்த இருவரிடமும் போய்க் கேட்டோம். ஒருவர் 'ஓம்' என்றார், மற்றவர் 'இல்லை' என்றார். ஆகவே இரண்டு பெயரும் இப்போதைக்கு உள்ளேதான்.

கொப்பி எங்கே இருக்கு என்று கேட்காதீர்கள். கிளார்க்கைப் போல நாங்களும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆனா சாவி ஆறு பேரிடம் இருக்கு.

நண்பனின் அம்மா அடுத்த நாள் வந்தா. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்கு முன்னால நின்றா. கனநேரம் நின்றா. கீழே குனிந்து அட்டையை வாசித்தா. பிறகு மகனைப் பார்த்துக் கேட்டா:

"இது டச்சு பே தானே? ஆர் எடுத்தது?"

"எங்கட கூட்டத்தில ஒராள், அம்மா."

"நல்லா இருக்கு," என்றா. "பெயரைப் போட்டிருக்கலாமே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வரும் மாரி முடிய அடுத்த கண்காட்சி வைக்க நினைத்திருக்கிறோம், அதே படமும் இருக்கும். அவனுடைய நிரலில் இப்போதைக்கு 'பிறகு' என்று இருக்கு. அட்டைகள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.